நுனிக்காலில் நடக்கும் குழந்தை... தசைக்குள்ளே என்ன நடக்கிறது?

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது ஒரு வேலை செய்யுங்க. உங்க ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்க. குதிகால் பக்கம்தான் அதிகமா தேஞ்சிருக்கும். நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன மாசம் ஒரு ஜோடி சின்ன ஷூவைக் காட்டினாள். அவள் அக்கா பையனுடையது. ஆறு வயசு. இடது ஷூ சாதாரணமாகத் தேய்ந்திருந்தது. வலது ஷூவில் முன்பக்கம் மட்டும் தேய்ந்து, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் ஓட்டை. குதிகாலில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கர் பாதி அப்படியே இருந்தது. பையனுக்கு செரிப்ரல் பால்ஸி. தமிழில் மூளை முடக்குவாதம் என்பார்கள்.

"பிரச்னை மூளையிலதானே? அது இனிமே அதிகமாகாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் ஏன்டி கால் மட்டும் வருஷா வருஷம் இறுகிட்டே போகுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்த பதில், நான் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தது.

முதலில் அடிப்படை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்படும் ஒரு பாதிப்புதான் செரிப்ரல் பால்ஸி. குறைப்பிரசவம், கர்ப்பகாலத் தொற்று, பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் குறைவது, கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. சில குழந்தைகளுக்குக் காரணமே தெரியாது. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்தது அந்தப் பட்டியலில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் பல வீடுகளில் முதல் விசாரணை அந்த அம்மாவிடம்தான் நடக்கிறது.

உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை சிகிச்சை நிபுணர்தான் 1860-களின் தொடக்கத்தில் இதை விரிவாக எழுதினார். ரொம்ப நாள் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். அவருக்கே சின்ன வயதில் ஒரு கால் பாதம் வளைந்து, ஜெர்மனி போய் தசைநாணை வெட்டிச் சரிசெய்துகொண்டவர். சைக்காலஜி சிக்மண்ட் ஃப்ராய்டு இருக்காரே, அவரும் இதைப் பற்றி 1897-ல் தடிமனான புத்தகம் எழுதியிருக்கிறார்!

மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு வளர்வதில்லை. அது உண்மை. ஆனால் குழந்தை வளர்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எலும்பு ஓடுகிறது, தசை பின்தங்குகிறது

நமக்கு வேண்டிய தசை நார்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பிறக்கும்போதே முடிவாகிவிடும். அதன் பிறகு நார்கள் பருமனாகும், நீளமாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாரும் 'சார்கோமியர்' என்ற நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒரு சார்கோமியரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான். கால் எலும்பு நீளும்போது தசை இழுபடும். குழந்தை ஓடி, குதித்து, ஏறி இறங்கும்போது அந்தத் தசை வேலையும் செய்யும். இரண்டும் சேரும்போது, சங்கிலியில் புதுப்புது சார்கோமியர்கள் சேர்ந்துகொண்டே வரும். எலும்பும் தசையும் ஒன்றாக வளர்வது இப்படித்தான்.

செரிப்ரல் பால்ஸி உள்ள குழந்தைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை சரியாக வருவதில்லை. தசை இறுக்கமாகவே இருக்கும், ஆனால் உருப்படியான வேலை குறைவு. எலும்பு தன் பாட்டுக்கு வளர்கிறது. சங்கிலியில் புது அலகுகள் சேர்வது மட்டும் மெதுவாகிவிடுகிறது. கெண்டைக்கால் தசை இப்படிப் பின்தங்குவது ஒன்றேகால் வயதிலேயே ஸ்கேனில் தெரிகிறது. அதாவது பெரும்பாலான வீடுகளில் 'கொஞ்சம் லேட்டா நடப்பான்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வயதில்!

இப்போதுதான் எனக்கு ஆச்சர்யமாக இருந்த விஷயம். 'தசை குட்டையாகிவிட்டது' என்றால், உள்ளே எல்லாம் நெருக்கிச் சுருங்கி இருக்கும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அறுவை சிகிச்சையின்போது இந்தக் குழந்தைகளின் தசையை அளந்து பார்த்தபோது, ஒவ்வொரு சார்கோமியரும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபட்டு இருந்தது.

ஒரு கற்பனை செய்யுங்க. ஸ்கூல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிள்ளைகள் கைகோத்து நிற்க வேண்டும். 50 பேர் இருந்தால் கையை லேசாக மடக்கிக்கொண்டு வசதியாக நிற்கலாம். இழுக்கச் சொன்னால் பலமாக இழுக்கவும் முடியும். 30 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால்? ஒவ்வொருவரும் கையை முழுசாக விரித்து, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது இழுக்கச் சொன்னால் எவ்வளவு பலம் வரும்? அந்தப் பையனின் கெண்டைக்கால் தசை அந்த 30 பேர் சங்கிலி. ஒரே நேரத்தில் விறைப்பாகவும் பலவீனமாகவும் இருப்பது இதனால்தான்.

இதோடு முடியவில்லை. தசை வளரவும் பழுதுபார்த்துக்கொள்ளவும் உதவும் 'சாட்டிலைட் செல்'கள், இறுகிப்போன தசைகளில் பாதிக்கும் குறைவாகவே இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். நார்களைச் சுற்றியிருக்கும் கொலாஜன் திசுவும் கூடி, தசை தோல் பெல்ட் மாதிரி விறைத்துவிடுகிறது. குதிகால் கீழே இறங்க மறுப்பதற்கு இவ்வளவு பின்கதை இருக்கிறது. வளரிளம் பருவத்தில், எலும்பு வேகமாக நீளும்போது பிரச்னை திடீரென மோசமாவதுபோல் தெரிவதும் இதனால்தான்.

'ஸ்ட்ராங் பண்ணாதீங்க' என்று சொன்ன காலம்

பல வருஷங்களாக பிசியோதெரபியில் ஒரு நம்பிக்கை இருந்தது. விறைப்பு உள்ள தசைக்கு பலப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு இன்னும் கூடிவிடும் என்பது அது. அதனால் இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே மொத்த கவனமும் போனது. 1990-களில் டயன் டமியானோ போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குழந்தைகளுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பலம் கூடியது. பயந்தபடி விறைப்பு கூடவில்லை.

அதன் பிறகு பார்வையே மாறியது. இன்றைக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சைகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கும்: குழந்தை தானாக அசைய வேண்டும். யாரோ அதன் காலைப் பிடித்து அசைப்பது வேறு. குழந்தைக்குப் பிடித்த, அன்றாடம் தேவைப்படும் ஒரு வேலையை இலக்காக வைத்து அதையே திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். 'முழங்காலை 10 டிகிரி நீட்ட வேண்டும்' என்பதை இலக்காக வைப்பதைவிட, 'உதவியில்லாமல் பஸ் படியில் ஏற வேண்டும்' என்பது நல்ல இலக்கு. சின்ன ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மாடிப்படி ஏறுவது, மூன்று சக்கர சைக்கிள் மிதிப்பது எல்லாமே தசைக்கு வேலைதான். சுலபமானதும் தெரபிஸ்ட் எடையையோ, எண்ணிக்கையையோ கூட்டுவார். ஜிம்முக்குப் போகும் உங்களுக்கு இந்த லாஜிக் புரியும். ஆறு மாசம் அதே 5 கிலோவைத் தூக்கினால் என்ன ஆகும்?

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கைக்கும் இதே கதை. நல்ல கையை சில மணி நேரம் உறை போட்டுக் கட்டிவிட்டு, தயங்கும் கையால் விளையாட வைப்பார்கள். பார்க்கக் கொஞ்சம் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நல்ல பலன் தரும் பயிற்சிகளில் இது ஒன்று. வலது கையில் உப்பு பிஸ்கட்டை எடுக்க அந்தப் பையன் பட்ட பாட்டை வீடியோவில் பார்த்தேன். மூன்றாவது தடவை எடுத்துவிட்டான்.

அப்போ எண்ணெய் மசாஜ்?

வரும், தெரியும். எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. பாட்டி வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து, கை கால் நீவிவிடுவது குழந்தைக்கு இதம். கொஞ்ச நேரம் இறுக்கம் குறையும், தூக்கமும் வரும். அந்த அளவில் நல்லதுதான். ஆனால் தசை நீவிவிட்டு வளர்வதில்லை. தினம் சில நிமிஷம் காலை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்ச்சிங் மட்டுமே மூட்டு இறுகுவதைத் தடுத்துவிடும் என்பதற்கும் ஆய்வுகளில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீங்க. தெரபிஸ்ட்டிடம், 'இதோடு சேர்த்து அவன் தானாகச் செய்ய என்ன பயிற்சி?' என்று கேளுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிற்கவே முடியாத குழந்தைகளுக்கு எலும்பில் பாரம் விழுவதில்லை என்பதால் எலும்பு மெலிந்திருக்கும். இறுகிய காலை 'எடுத்துவிடுகிறேன்' என்று வேகமாக இழுத்தால் எலும்பு முறியலாம். உள்ளூர் வைத்தியம் என்ற பெயரில் இது நடக்கிறது.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மெல்ல, விழுங்கக் கஷ்டப்படும் குழந்தைக்கு ஒரு வேளை சாப்பாடு ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் அம்மாவும் களைத்துவிடுவார், குழந்தையும் களைத்துவிடும். உடம்பில் சத்தே இல்லாமல் தசை எங்கிருந்து வளரும்? படுக்க வைத்துப் புகட்டாமல், நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியில் பருப்பு, முட்டை, நெய் சேர்த்து அளவு குறைவாக, சத்து அதிகமாகக் கொடுக்கச் சொல்வார்கள். அடிக்கடி புரையேறினால் அதற்கென தனி தெரபிஸ்ட் இருக்கிறார், காட்டணும்.

ஊசி, மாவுக்கட்டு, ஆபரேஷன்

சினிமா நட்சத்திரங்கள் முகச்சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் இருக்கிறதே, அதே மருந்துதான் இங்கேயும். பாக்டீரியா உருவாக்கும் நச்சு ஒன்றை மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்துவார்கள். நரம்பு தசைக்குச் சொல்லும் 'இறுகு' என்ற செய்தி அங்கே தடைபடும். சில நாள்களில் தசை தளரும். மூன்று, நான்கு மாதங்களில் பலன் குறைந்துவிடும்.

இதைச் சிகிச்சை என்று நினைப்பதைவிட, கிடைத்த அவகாசம் என்று நினைப்பதுதான் சரி என்பது என் கருத்து. அந்த மூன்று மாதத்தில் பயிற்சி, கால் உறை, மாவுக்கட்டு என்று முழுவீச்சில் இறங்கினால் பலன் உண்டு. ஊசியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் காசுதான் போகும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த தசையை இந்த ஊசி மேலும் கொஞ்சம் மெலிய வைக்கிறது, அது பல மாதங்கள் நீடிக்கிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அடுத்தடுத்து ஊசி போடுவதில் இப்போது மருத்துவர்கள் முன்பைவிட நிதானமாக இருக்கிறார்கள். 'அடுத்த டோஸ் எதுக்கு, என்ன மாறும்னு எதிர்பார்க்கிறீங்க?' என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

தொடர் மாவுக்கட்டு என்பது, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து, வாரா வாரம் கட்டை மாற்றுவது. ஏ.எஃப்.ஓ என்பது கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. குழந்தை வளர வளர அதையும் மாற்ற வேண்டும். சின்னதாகிப்போன ஏ.எஃப்.ஓ-வை 'காசு கொடுத்து வாங்கினதாச்சே' என்று மாட்டிவிட்டால் புண்தான் வரும்.

விறைப்பு உடம்பு முழுக்க இருந்தால் பாக்லோஃபென் மாதிரி மருந்துகள் தருவார்கள். தகுதியான சில குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக்குப் போகும் சில நரம்பிழைகளை வெட்டும் அறுவை சிகிச்சையும் உண்டு.

தசைநாணை நீட்டும் ஆபரேஷன் பற்றித்தான் தோழியின் அக்கா குழம்பிப்போயிருந்தார். 'சின்ன வயசுலேயே பண்ணிட்டா சரியாகிடும்' என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஆனால் ரொம்பச் சின்ன வயதில் செய்தால், எலும்பு இன்னும் வளர வேண்டியிருப்பதால் தசை திரும்பவும் பின்தங்கும். மறுபடி ஆபரேஷன். அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் கெண்டைக்காலின் பலம் போய், முழங்கால் மடங்கியபடியே நடக்கும் நிலை வரலாம். அது நுனிக்கால் நடையைவிடச் சிரமம். ஒவ்வொரு வருஷமும் ஒரு ஆபரேஷன், ஒவ்வொரு பிறந்தநாளும் ஆஸ்பத்திரியில் என்று போன குழந்தைகளைப் பார்த்து, கனடாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மெர்சர் ராங் அதற்கு 'பிறந்தநாள் சிண்ட்ரோம்' என்றே பேர் வைத்தார். இப்போது முடிந்தவரை காத்திருந்து, நடையை முழுசாக ஆராய்ந்து, பள்ளி வயதில் தேவையான எல்லா இடங்களையும் ஒரே தடவையில் சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

வலிக்காமல் நழுவும் இடுப்பு

எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருக்க, பிரச்னை மேலே இடுப்பில் நடக்கும். தொடைகளை உள்பக்கம் இழுக்கும் தசைகளின் இறுக்கத்தால், தொடை எலும்பின் பந்து அதன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். செரிப்ரல் பால்ஸி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. நடக்க முடியாத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. எக்ஸ்-ரேயில் மட்டும்தான் தெரியும். வலி வரும்போது காலம் கடந்திருக்கும். உட்காரவே முடியாத வலி அது.

தெற்கு ஸ்வீடனில் 1994-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். செரிப்ரல் பால்ஸி உள்ள ஒவ்வொரு குழந்தையையும் பதிவுசெய்து, குறிப்பிட்ட இடைவெளியில் இடுப்பு எக்ஸ்-ரே எடுப்பது, நழுவ ஆரம்பித்தால் உடனே தலையிடுவது. முன்பு நூற்றில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இடுப்பு முழுசாகப் பிசகிய இடத்தில், இது நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. எக்ஸ்-ரேயைத் தவறாமல் எடுத்தார்கள், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்த குழந்தைக்கு இதுவரை ஒரு தடவைகூட இடுப்பு எக்ஸ்-ரே எடுக்கவில்லை என்றால், இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை அந்த வீட்டில் சொல்லிவிடுங்க.

எப்போது சந்தேகப்படணும்?

கனடாவில் 1997-ல் உருவான ஐந்து நிலை அளவுகோல் ஒன்றைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நிலை 1 என்றால் தானாக நடக்கும், ஓடும். நிலை 5 என்றால் தலையை நிறுத்தவே உதவி தேவை. நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், உடல் இயக்கத் திறனின் பெரும்பகுதியை நிலை 1 குழந்தைகள் ஐந்து வயதுக்குள்ளும், நிலை 5 குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளும் எட்டிவிடுவது தெரிந்தது. 'பார்க்கலாம், பொறுத்துப் பார்க்கலாம்' என்று கழிக்கும் இரண்டு வருஷத்தின் விலை இது.

நான்கு மாதத்துக்குப் பிறகும் கையை எப்போதும் மூடியே வைத்திருப்பது, டயாபர் மாற்றும்போது கால்கள் விறைத்து கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வது, ஒன்பது மாதமாகியும் உட்காராமல் இருப்பது எல்லாம் காட்ட வேண்டிய அறிகுறிகள். குறைப்பிரசவக் குழந்தை என்றால் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடணும். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், 'நம்ம தாத்தா மாதிரி இடது கைப்பழக்கம்' என்று சந்தோஷப்படாதீங்க. அந்த வயதில் இயல்பாக எந்தக் கைப்பழக்கமும் உறுதியாவதில்லை. தோழி வீட்டில் அப்படித்தான் எட்டு மாதம் போனது. நடக்கத் தொடங்கிய புதிதில் சில குழந்தைகள் நுனிக்காலில் நடப்பது சகஜம். இரண்டு வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் காட்டிவிடுங்க.

எங்கே போவது?

மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்க. 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் தொடங்கியவை இவை. பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கிடைக்கும். சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இருக்கும் அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கென்றே அனுபவம் உள்ளவை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 பிரிவுகளில் செரிப்ரல் பால்ஸியும் ஒன்று. அடையாள அட்டை வாங்கியிருந்தால் மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவும் அதில் அடங்கும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். அக்காவுக்கு நேரம் இருக்காது, போனோடு சும்மா இருக்கும் சித்தியோ மாமாவோ போட்டுக் கொடுக்கலாம்.

ஃபேமிலி குரூப்பில் 'ஸ்டெம்செல் ஊசி போட்டா நடந்துடுவான்' என்று ஒரு வீடியோ நிச்சயம் வரும். செரிப்ரல் பால்ஸிக்கு ஸ்டெம்செல் இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறைப்படி பதிவான ஆய்வுகளில் மட்டும்தான் செய்யலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால், அது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்க.

அந்தப் பையனுக்கு இப்போது மாவுக்கட்டு முடிந்து ஏ.எஃப்.ஓ போட்டிருக்கிறார்கள். புது ஷூ வாங்க வேண்டும், உறைக்கு மேல் போடுவதால் வலது காலுக்கு ஒரு சைஸ் பெரிசு. ஒரே விலைக்கு இரண்டு சைஸ் கொடுக்க எந்தக் கடையும் தயாரில்லை என்பதால் இரண்டு ஜோடி வாங்கினார்களாம். பழைய ஷூவைத் தூக்கிப்போடாமல் தெரபிஸ்ட் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து புது ஷூவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், குதிகால் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க.